எட்டாவது வரி

முப்பத்தொன்று என்னுடைய எண். உள்ளே போயிருப்பவர் பதினேழு. ஒருவருக்கு நாலு நிமிடம் ஆகிறது, ஐந்து பேரைப் பார்த்துவிட்டேன், ஒருவர் மட்டும் ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டார், அவருக்குக் காது கேட்காது, அதைச் சேர்க்கக் கூடாது. நடுவில் பதிமூன்று பேர். ஐம்பத்திரண்டு நிமிடம். அதற்குள் முடிவு செய்ய வேண்டும் என்று எதுவும் இல்லை, முடிவு நேற்றே ஆகிவிட்டது, சொல்ல வேண்டியவரிடம் சொல்லியும் ஆகிவிட்டது. இன்று வந்தது கையெழுத்துப் போட மாட்டேன் என்று காட்டிவிட்டுப் போவதற்குத்தான். எல்லைக்கு அப்பால் பர்மாவிலிருந்து ஓடி வந்தவர்களை வீட்டில் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இன்று வார்டு கமிட்டிக்கு வந்து, இந்த ஆளை எனக்குத் தெரியும், இவரால் தீங்கு வராது என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழாத ஆட்களை இரண்டு மணிக்கு லாரியில் ஏற்றி எல்லைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுவார்கள். விட்டால் என்ன ஆகும் என்று படிவத்தில் இல்லை. எல்லோருக்கும் தெரியும். ஏன் ஓடினாய் என்று பட்டாளம் கேட்கும், ஏன் திரும்பினாய் என்று பட்டாளத்தை எதிர்க்கிறவர்கள் கேட்பார்கள், இரண்டு பேருக்கும் பொருந்துகிற பதில் ஒன்று கிடையாது. அது என் கணக்கில் வராது. என் வீட்டில் இருக்கிறவனுக்கு நான் கையெழுத்துப் போடப் போவதில்லை, அவ்வளவுதான். அவன் வெளியே பலா மரத்தடியில் மற்றவர்களோடு நிற்கிறான். வரும்போது ஒரு தடவை பார்த்தேன், அவனும் பார்த்தான். யார் முதலில் கண்ணைத் திருப்பியது என்று சொல்ல முடியவில்லை. நானாகத்தான் இருக்கும், எனக்கு யாரையும் நேராகப் பார்க்க வராது.

மேலே சத்தம் கேட்கிறது. பெஞ்சில் இருக்கிற ஒன்பது பேரும் நிமிர்கிறோம், கூரைத் தகரத்தைத் தவிர ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் நிமிர்கிறோம். தூரத்தில் யாரோ தையல் மிஷினை நிறுத்தாமல் மிதிக்கிற மாதிரி ஒரு சத்தம். நான் எண்ண ஆரம்பிக்கிறேன். இருபதுக்குள் விலகிப் போனால் அது இந்தப் பக்கத்து ட்ரோன், சும்மா பார்த்துவிட்டுப் போவது. இருபதைத் தாண்டியும் ஒரே இடத்தில் நின்றால் அது எதையோ தேடுகிறது. இது யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, நானாக எண்ணிப் பார்த்து வைத்துக்கொண்டது. பதினாலில் போய்விட்டது. பக்கத்தில் இருந்த அன்னபாக்கியம் பெருமூச்சு விட்டாள், கடைசியில் இருந்த ஆள் மட்டும் பெருமூச்சு விடவில்லை. ஏன் விடவில்லை? போகும் என்று முன்பே தெரியுமா? இப்படித்தான் ஆகிவிட்டது, ஒருவன் பயந்தாலும் சந்தேகம், பயப்படாவிட்டாலும் சந்தேகம். முப்பத்து நாலு வருடம் கேட்டில் மூட்டை எண்ணியவன் நான். கூலியாட்கள் தோளில் சுமையோடு வரிசையாக வருவார்கள், நான் ஸ்டூலில் உட்கார்ந்து லாபம், இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். ஒன்று என்ற சொல்லை எண்ணிக்கையில் சொல்வதில்லை, முதல் மூட்டை எப்போதும் லாபம், அப்பாவும் அப்படித்தான் எண்ணினார். இருபதுக்கு ஒரு மூங்கில் குச்சி. அந்தப் பக்கத்து வியாபாரியும் ஒப்புக்கொள்வான், இந்தப் பக்கத்து வியாபாரியும் ஒப்புக்கொள்வான், ஒரு தடவை கூட மறு எண்ணிக்கை கேட்டதில்லை. தவசி எண்ணினால் எண்ணினதுதான் என்று எல்லையில் இருக்கிற இந்த மோரே ஊரில் ஒரு பேச்சே உண்டு. அந்தப் பக்கத்துச் சண்டை எல்லையைத் தாண்டி வந்து முதல் குண்டு மரம் அறுக்கிற மில் பக்கம் விழுந்த அன்றும் வாய் தானாக லாபம் என்று ஆரம்பித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு ஒன்று என்றேன். இதுவரை ஏழு. நாலு ஆற்றுக்கு அப்பால், மூன்று இந்தப் பக்கம். அப்பால் விழுந்த நாலில் ஒன்று ஏவுகணை, அதற்கு முன்னறிவிப்புச் சத்தம் எதுவும் இல்லை, சுவரில் இருந்த கடிகாரத்தின் கண்ணாடி விழுந்த பிறகுதான் வந்தது தெரிந்தது. இந்தப் பக்கம் இறந்தவர்கள் இரண்டு பேர். செருப்பு ஐந்து கிடந்தது. ஐந்தாவது யாருடையது என்று நான் மூன்று நாள் யோசித்தேன்.

அவன் வந்து நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. பெயர் கோ தெய்ன், கோ என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன், என்னைவிட இருபது வயது இளையவன், ஆனாலும் ஊரே அப்படிக் கூப்பிடுகிறது. நான் எப்படியும் கூப்பிட்டதில்லை. அரிசி மில்லில் மெக்கானிக்காக இருந்தானாம். காலியாக அறை இருக்கிற வீட்டுக்கு ஒருவர் என்று கமிட்டி பிரித்துக் கொடுத்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தான், ஒரு பையோடு. வந்த அன்று என் மனைவி சீதேவி அவனைக் கூடத்தில் உட்கார வைத்து, சோறு ஒரு மணிக்கு என்று கடிகாரத்தைக் காட்டினாள். அவன் கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றி, குனிந்து, அதன் திருகை வெகு நேரம் திருகிக்கொண்டிருந்தான். சாவி கொடுக்க அவ்வளவு நேரமா என்று அப்போதே எனக்குத் தோன்றியது. அதைத் திரும்பக் கட்டியபோது முகப்பு உள்பக்கம் இருக்கிற மாதிரி கட்டிக்கொண்டான். மணியை மறைக்கிறவன் வேறு எதை மறைக்க மாட்டான்? தினமும் காலையில் வீட்டுக்குப் பின்னால் போய்க் கிழக்கே பார்த்து நிற்பான். ஊர் ஞாபகம் என்பாள் சீதேவி. அவளுக்கு அவன் தம்பி, இரண்டாம் தடவை ரசம் கேட்கிற தம்பி. “நீங்க சந்தேகப்படுறதால ஒரு உலை அரிசி வேகாது” என்று என்னைத் திட்டுவாள். ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்த்தது நான்தானே, அவள் இல்லையே. நேற்று முன்தினம் பாயை உதற எடுத்தபோது கீழே இருந்தது. மேலே இரண்டு வரி எழுத்து, கீழே எட்டு வரி எண், எல்லாம் பர்மிய எண். நான் பிறந்தது அந்தப் பக்கம்தான், தமுவுக்குத் தெற்கே. இரண்டு வகுப்பு அங்கே படித்தேன், பிறகு எங்களைக் கப்பலில் ஏற்றி மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டார்கள், அப்பா மறுபடியும் நிலம் வழியாகத் திரும்பி இந்த எல்லை வரை வந்து, உள்ளே விடாததால் இங்கேயே நின்றுவிட்டார், மீதி மூன்று வகுப்பு இங்கே. அந்த எழுத்து மறந்து போயிற்று. எண் மறக்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் முதலில் தேதி, பிறகு மணி, பிறகு நிமிடம். குண்டு விழுந்த தேதிகள். ஒன்றைத் தவிர, என் நோட்டில் இருக்கிற அதே தேதிகள்.

மணியைத்தான் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எந்த ஊர் மணி என்று பார்க்காமல் நான் விட முடியுமா? பர்மாக் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். இந்த ஊரில் யாரையாவது பத்து மணிக்குப் பார்க்கிறேன் என்றால் எந்தப் பத்து என்று கேட்டுக்கொள்ள வேண்டும், கைபேசியைக் கூட நம்ப முடியாது, அந்தப் பக்கத்து டவர் பிடித்தால் தானாக ஒரு மணி நேரம் தாவிவிடும். அதற்காகவே என் கூடத்தில் இரண்டு கடிகாரம். ஆகவே அவனுடைய ஒவ்வொரு மணியிலும் ஒன்றைக் கழித்தேன். கழித்துவிட்டு என் நோட்டோடு வைத்துப் பார்த்தேன். நான் ஒன்பது நாற்பதுக்கு விழுந்தது என்று எழுதியதை அவன் எட்டு நாற்பதுக்கு எழுதியிருக்கிறான். நான் மூன்று பதினைந்து என்றதை அவன் இரண்டு பதினைந்து. ஏழும் அப்படியே. ஒவ்வொன்றும் விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே அவனிடம் இருக்கிறது. யாரோ அவனுக்குத் தகவல் கொடுக்கிறார்கள், தகவல் வந்த நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறான், குறித்துவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்து ரசம் குடித்திருக்கிறான். என்னிடம் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அந்த இரண்டு பேர் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நேற்று கமிட்டி செயலாளர் செல்லக்கண்ணு சைக்கிளில் வந்தபோது ஓரமாகக் கூப்பிட்டு அவன் காதில் சொன்னேன். நீளமாகப் பேச எனக்கு வராது. “அவனுக்கு முன்னாடியே தெரியுது” என்றேன். செல்லக்கண்ணு என்னைப் பார்த்தான், எப்படி என்று கூடக் கேட்கவில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போனான். நான் சொன்னால் போதும் அவனுக்கு. நேற்று நன்றாகத் தூங்கினேன். நாற்பத்து மூன்று நாளில் முதல் தடவை. பயம் இத்தனை நாள் மேலே எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது, நேற்று அது இறங்கி அடுத்த அறையில் ஒரு பாயில் படுத்துக்கொண்டது, கதவைச் சாத்தினால் போதும் என்று ஆகிவிட்டது.

இருபத்திரண்டாவது ஆளைக் கூப்பிடுகிறார்கள். கணக்குச் சரியாகப் போகிறது. எட்டாவது வரிதான் இடிக்கிறது. விழுந்தது ஏழு, அவனிடம் இருப்பது எட்டு. எண்ணிக்கையில் கூடுதலான அந்த வரி இருப்பது ஆறாவது இடத்தில், பதினெட்டாம் தேதி, பத்து பன்னிரண்டு, ஒன்றைக் கழித்தால் ஒன்பது பன்னிரண்டு. பதினெட்டாம் தேதி ஒன்பது பன்னிரண்டுக்கு என்ன? ஒன்றும் இல்லை. பத்து பன்னிரண்டுக்கு ஏதாவது விழுந்ததா என்றால் அதுவும் இல்லை, என் நோட்டின் கணக்கில் பதினெட்டே கிடையாது. அப்படியானால் விழ வேண்டியது விழாமல் போயிருக்கிறது, ஏவியவர்கள் வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள், அதுவும் இவனுக்குத் தெரிந்திருக்கிறது. நேற்று அப்படித்தான் முடித்தேன். இன்று காலை பல் தேய்க்கும்போது மறுபடி வந்தது. நிறுத்தியது தெரிந்தால் அந்த வரியைக் கோடு போட்டு அடித்திருப்பானே, அடிக்கவில்லையே. நான் பார்த்து எழுதிக்கொண்ட துண்டுச் சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கிறேன், பத்து பன்னிரண்டு மாறவில்லை. அன்னபாக்கியம் எட்டிப் பார்க்கிறாள். சந்தை முனையில் இட்லிக் கடை வைத்திருப்பவள், அவள் வீட்டில் ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள், கையெழுத்துப் போடத்தான் வந்திருக்கிறாள், மூன்று பேருக்குக் கேட்கிற குரலில் ஒருவரிடம் பேசுவாள். “என்ன தவசியண்ணே, சீட்டப் பாத்து மந்திரம் ஓதுறீக?” என்றாள். நான் மடித்தேன். அவள் விடவில்லை. அவள் கடையில் முன்பு ஒரு பெரிய இட்லிக் கொப்பரை இருந்ததாம், அது கவிழ்ந்து நசுங்கினதிலிருந்து சின்னதில் வேக வைத்துக் கட்டுப்படியாகவில்லையாம், எல்லாம் அந்தக் காஸ் சிலிண்டர் லாரிக்காரனால் வந்ததாம். டயர் வெடித்ததைக் குண்டு என்று நினைத்து சந்தையே ஓடியதை மற்றவர்களுக்கு நடித்துக் காட்டினாள், பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். “எல்லாருக்கும் முந்திச் சாக்கடையில குதிச்சது யாரு? நம்ம அண்ணந்தான். எண்ணிக்கையில அவுக எப்பவும் மொதல்ல” என்றாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. குதித்தது உண்மை. முழங்கால் வரை சேறு. அந்த அவமானத்தில்தான் வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதியிருந்ததை அடித்தேன்.

எழுதியிருந்ததை அடித்தேன். என்ன தேதி அது? முடி வெட்டிக்கொள்ளப் போன நாள். நான் மாதத்தில் பதினெட்டாம் தேதிதான் முடி வெட்டிக்கொள்வேன், முப்பது வருடமாக. வெட்டி முடித்து இறங்கி, சந்தை முனைக்கு வந்தபோது டயர் வெடித்தது. சாக்கடையில் இருந்தபடியே மணியைப் பார்த்து நோட்டில் குறித்தேன், அப்படிக் குறிப்பது என் பழக்கம். பத்து பன்னிரண்டு. எங்கள் மணிக்கு. அவனும் அன்று சந்தையில் இருந்தான், சீதேவி உப்பு வாங்க அனுப்பியிருந்தாள், உப்பு இல்லாமல் திரும்பி வந்தான். சீட்டை மறுபடி பிரிக்கிறேன். குண்டு விழுவது ஒருவனுக்கு முன்பே தெரியலாம். லாரி டயர் வெடிப்பது யாருக்குத் தெரியும்? லாரி ஓட்டுகிறவனுக்கே தெரியாது. அப்படியானால் பத்து பன்னிரண்டு என்பது பத்து பன்னிரண்டுதான். கழித்திருக்கக் கூடாது. அவன் எழுதியது எங்கள் மணி. வந்த முதல் நாளே சீதேவி எங்கள் மணிக் கடிகாரத்தைக் காட்டியதும் வாட்சைக் கழற்றி எங்கள் மணிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான், எதிரில் உட்கார்ந்து பார்த்த நான், அவன் சாவி கொடுக்கிறான் என்று நினைத்திருக்கிறேன். எண் பர்மா எண்ணாக இருந்ததால் மணியும் பர்மா மணி என்று எடுத்துக்கொண்டேன். மேலே இருந்த இரண்டு வரி எழுத்தில் அதுதான் இருந்ததோ என்னவோ, நான் படிக்க முடியாத அந்த இரண்டு வரி. ஒன்றைக் கழி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏழும் நிமிடம் பிசகாமல் ஒரு மணி நேரம் முன்னால் இருந்ததே, தகவல் அப்படியா வரும், ஒரு நாள் ஐம்பது நிமிடம், ஒரு நாள் இரண்டு மணி நேரம் என்று வராதா, அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? தோன்றியது. தோன்றியதை ஒதுக்கினேன். தூக்கம் வேண்டியிருந்தது. ஆனால் எதற்காக எழுதி வைத்திருக்கிறான்? அது இன்னும் தெரியவில்லை, அதை விட்டுவிடக் கூடாது. நான் எதற்காக எழுதி வைத்திருக்கிறேன்? யாராவது என் பாயைத் தூக்கினால் என் நோட்டும் அப்படித்தானே இருக்கும். இருபத்தெட்டு போகிறார். இன்னும் பதினோரு, பன்னிரண்டு நிமிடம். எழுந்து முன்னால் போய்ச் சொல்லலாம், வரிசையை மீறி நான் போனதில்லை. என்ன சொல்வது, எந்த வாக்கியம் முதலில், மணியா, டயரா, எண்ணா? இருபத்தொன்பது. தண்ணீர் குடிக்க வேண்டும் போல இருக்கிறது. முப்பதாவது அன்னபாக்கியம், புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள், மூன்று நிமிடத்தில் வந்துவிட்டாள், போட்டாச்சு என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

மேஜைக்குப் பின்னால் செல்லக்கண்ணு, அவன் பக்கத்தில் தமிழ் தெரியாத ஒரு அதிகாரி. நான் உட்காரும் முன்பே செல்லக்கண்ணு குரலைத் தாழ்த்தி, நேற்றுச் சொன்னதை மேலே எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், நான் கஷ்டப்பட வேண்டாம், அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டால் போதும் என்றும் சொன்னான். நான், எண்ணிக்கை தப்பு, கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். “நீங்க எண்ணித் தப்பாகுமாண்ணே?” என்றான். “யாரு வந்து மெரட்டுனது, சொல்லுங்க.” யாரும் மிரட்டவில்லை என்றேன். மிரட்டப்பட்டவனும் அதைத்தான் சொல்வான் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. பிறகு பேசினேன். வாட்சைச் சொன்னேன், கழித்ததைச் சொன்னேன், டயரைச் சொன்னேன், சாக்கடையையும் சொன்னேன், பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள், குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பதினோரு வாக்கியம். செல்லக்கண்ணு அதிகாரியிடம் இந்தியில் இரண்டு வாக்கியம் சொன்னான். எந்த ஒன்பதை விட்டான்? அதிகாரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நாற்பத்து மூன்று நாளாக நான் வைத்திருந்த பார்வை அது, சோறு போடும்போது, கதவைச் சாத்தும்போது. அவர் ஏதோ கேட்டார், செல்லக்கண்ணு பதில் சொன்னான், என் பெயர் இரண்டு தடவை வந்தது. கடைசியில் செல்லக்கண்ணு படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினான். “போடலாங்குறார். ஆனா அவனால ஒண்ணு ஆச்சுன்னா ஒங்களையும் சேத்துத்தான் ஏத்துவாக. யோசிச்சுக்கங்க.” யோசித்தால் என் கை நின்றுவிடும் என்று தெரிந்ததால் யோசிக்காமல் போட்டேன். வளைவுகள் சரியாக விழவில்லை. அதிகாரி படிவத்தை எடுத்துக்கொண்டு, வேறொரு தாளை இழுத்து, என்னைப் பார்த்துப் பார்த்து அதில் ஏதோ எழுதினார். என்ன தாள் என்று செல்லக்கண்ணு சொல்லவில்லை.

வெளியே வெயில். லாரி வந்து நின்றுவிட்டது, இன்னும் மணி ஆகவில்லை, வந்து நிற்கிறது. பலா மரத்தடியில் அவன் காலடியில் ஒரு பை இருந்தது. வந்த அன்று கொண்டு வந்த பை. காலையில் அதை அவன் தூக்கி வந்ததை நான் பார்க்கவில்லை, பின்பக்கமாக வந்திருப்பான், சீதேவிக்குத் தெரியக் கூடாது என்று. நான் போட மாட்டேன் என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, நேற்று செல்லக்கண்ணுவின் காதில் குனிந்ததை எங்கிருந்தாவது பார்த்திருப்பான், எண்ணியிருப்பான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். மற்ற வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டதற்கான சின்னச் சீட்டோடு வந்தார்கள், என் கையில் ஒன்றும் இல்லை, எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. அவன் குனிந்து பையை எடுத்தான். யாரும் கூப்பிடாமல் தானாக லாரிப் பக்கம் நடந்தான். அவன் பின்னால் இரண்டு அடி வைத்தேன். “தெய்ன்” என்றேன். நின்றான். வாட்சைப் பற்றி, டயரைப் பற்றி, நேற்று நான் செய்ததைப் பற்றி அவன் மொழியில் சொல்ல எனக்கு வார்த்தை இருக்கிறது, கேட்டில் முப்பத்து நாலு வருடம் பேசிய மொழிதான். “வீட்டுக்கு” என்று மட்டும் சொன்னேன். அவன் அசையவில்லை. கிட்டே போய் அவன் கையிலிருந்த பையை வாங்கினேன், வாங்கினேன் என்பது சரியில்லை, பிடுங்கினேன். ஆறு கிலோ கூட இருக்காது. திரும்பி நடந்தேன். பின்னால் பார்க்கவில்லை. அடியை எண்ணினேன், பதினெட்டு வரை என் செருப்புச் சத்தம் மட்டும்தான். பத்தொன்பதில் இன்னொரு செருப்பு. அது நெருங்கி வரவில்லை, தூரமும் போகவில்லை. சந்தை முனையில் நான் நின்றபோது அதுவும் நின்றது, நான் நடந்தபோது அதுவும் நடந்தது. நடுவில் பத்தடி, வீட்டுப் படி வரை அதே பத்தடி. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைக் குறைத்திருக்க மாட்டேன்.